கால் நனைக்கும் கல்

சென்னை,
12 பிப்ரவரி 1912

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பாத்துரை வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நான் சுகம். உங்கள் மூச்சிளைப்பு இந்தப் பனியில் எப்படி இருக்கிறது? இதை வாசித்துக் காட்டும் பாக்கியவதி அக்காவுக்கும் என் அன்பு.

இங்கே ஆராய்ச்சிச் சாலையில் பெரிய டாக்டருக்கு உதவியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். நரம்புச் சிலந்தியைப் பற்றிய வேலை. கோடை வந்தால் நம் ஊரில் காலில் கொப்புளம் கண்டு, வெள்ளை நூல்போல வெளியே வருமே, அந்தப் புழுதான். அது தண்ணீரில் பட்டதும் பால்போல எதையோ கக்குகிறது. ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் குட்டிகள். தண்ணீரில் தத்தித் திரியும் ஒரு பொடிப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. பூச்சியோடு தண்ணீரை நாம் குடிக்கிறோம். புழு நமக்குள் வளர்கிறது. ஒரு குரங்குக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, மனிதர் கால் வைத்து இறங்கும் கிணறுகளில்தான் இந்த வினை. நம் கிணற்றின் படிகளை அடைத்து, மேலே சுவர் எழுப்பி, கப்பி வைத்து இறைக்கும்படி செய்ய முடியுமா? அதுவரை தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும்.

உங்கள் மருமகன்,
அப்பாத்துரை

பாக்கியவதி அக்கா, தண்ணீர் மட்டத்தில் கிடக்குமே அந்தக் கல், அது இன்னும் இருக்கிறதா? இந்த வரியை மட்டும் மாமாவுக்கு வாசிக்க வேண்டாம்.

*

செவல்மேடு, கங்கைகொண்டான் தபால்,
27 பிப்ரவரி 1912

மருமகன் அப்பாத்துரைக்கு,

மாமன் ஞானையா சொல்ல, பாக்கியவதி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை எழுதிவிட்டாய். பூச்சியின் சுகத்தை அதைவிட விரிவாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொண்டுபோய் விட்டவன் நான். கருப்பட்டி மூட்டைக்கு மேலே உட்கார்ந்து, வழி நெடுகக் கருப்பட்டியை நக்கிக்கொண்டு வந்தாய். இத்தனை படித்து, பட்டணம் போய், கண்ணாடிக்குள் கண்ணை விட்டு, கடைசியில் கண்டுபிடித்தது என் கிணற்றில் பூச்சி இருக்கிறது என்பதா? கிணறு என்றால் பூச்சி இருக்கும்லே. தவளையும் இருக்கும். அதைக் குடித்தவன் காலில் தவளை புறப்படுமா?

சுடலையாண்டியிடம் சொன்னேன். இருபது வருஷமாகக் கோடைதோறும் ஊர் ஊராகப் போய் ஈர்க்கில் புழுவைச் சுற்றிச் சுற்றி எடுக்கிறவன். அவன் கேட்டான்: "அண்ணாச்சி, பட்டணத்துல குரங்குக்கு யாரு சுத்தி எடுப்பாவ? நம்மளக் கூப்பிடுவாவளா?" ஊரே சிரித்தது. குரங்குக்கு ஏன் கொடுக்கிறாய்? நீ குடித்துப் பார்.

படியை அடைக்கச் சொல்லுகிறாய். அந்தப் படி ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதியிருக்கிறாய். மேலூர்க் கிணற்றில் கயிறு இருந்தது, கப்பி இருந்தது, நீ சொல்லும் சுவரும் இருந்தது. நம் ஆட்கள் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மனசு வந்தவர் ஊற்றுவார். உன் அத்தை ஜெபகனி ஒருநாள் விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை நின்றாள். ஊற்ற வந்தவள் பாதிக் குடத்தில் நிறுத்தி, "போதும்லா, ஒங்க வீட்ல என்ன கலியாணமா?" என்றாள். அவள் பெயர், அவள் கட்டியிருந்த சேலையின் நிறம், எல்லாம் இப்போதும் சொல்லுவேன்.

உன் அத்தை போன மறு வருஷம் நம் காட்டில் கிணறு வெட்டினேன். இருபத்தெட்டுப் படி. கயிறு வேண்டாம், ஒருவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். இறங்கு, அள்ளு, ஏறு. அதில் சுவர் வைக்கச் சொல்லுகிறது உன் படிப்பு.

வடிகட்ட வேண்டுமாம்! இதோ எழுதுகிறாளே என் மருமகள், இவள் சீவலப்பேரிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் குடத்து வாயில் துணியைக் கட்டினாள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அவர்கள் கலங்கலை வடிகட்டிக் குடிப்பார்களாம். "என் கிணத்துத் தண்ணிக்குச் சல்லடையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அதோடு சரி.

கைநாட்டு வைக்கவில்லை. அது பத்திரத்துக்கு; பூச்சிக் கடிதத்துக்கு இல்லை.

ஞானையா

தம்பி, கல் இருக்கிறது. — பா.

*

சென்னை,
10 மார்ச் 1912

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு, நீங்கள் திடமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

குடித்துப் பார் என்றீர்கள். தாயில்லாப் பிள்ளையாக உங்கள் வீட்டுக்கு வந்த நாள்முதல் அந்தத் தண்ணீரைத்தானே குடித்தேன்? பன்னிரண்டாம் வயதில் என் இடது காலில் புழு வந்தது. பதினோரு நாள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த இருபத்தெட்டுப் படியும் இறங்கினீர்கள். தழும்பு இருக்கிறது. குரங்குக்கு முன்னாலேயே என்னிடம் செய்து பார்த்தாகிவிட்டது.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். தவறென்று காட்ட உங்களால்தான் முடியும். எங்கள் நோட்டில் நாலு வருஷக் கணக்குக்கூட இல்லை; உங்களுக்குத் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து நாள் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. நம் ஊரில் யார் யாருக்கு, எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் காலில் வந்தது என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். அவர்கள் எந்தக் கிணற்றில் குடித்தார்கள் என்பதும் வேண்டும்.

இத்துடன் அனுப்பும் மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

அப்பாத்துரை

*

செவல்மேடு,
2 ஏப்ரல் 1912

மருமகனுக்கு,

சுகம். உன் மருந்து கசக்கிறது; கன்றுக்குட்டிக்குக் கொடுத்தேன், அதுவும் துப்பிவிட்டது.

எழுத்து இல்லாத கிழவனிடம் கணக்குக் கேட்டு வந்திருக்கிறது சர்க்கார் ஆராய்ச்சி! சரி, எழுதிக்கொள். இதற்குப் பிறகு உன் பெரிய டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போக வேண்டியதுதான்.

மேலூர்க் கிணற்றில் கையேந்திக் குடித்த காலத்தில் இந்த ஊரில் யாருக்கும் நரம்புச் சிலந்தி கிடையாது. அதை ஒப்புக்கொள்ளுகிறேன். நான் பொய் சொல்லுகிறவன் இல்லை. சர்வதாரி வருஷம் சித்திரையில் கிணறு வேலை. சாத்தூருக்கு வடக்கேயிருந்து கல்தச்சர்கள் வந்தார்கள். அவர்களில் மாடக்கண்ணு என்று ஒருவன். வைகாசியில், வேலை முடிகிற சமயம், அவன் காலில் புழு கண்டது, ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். வலி தாங்காமல் அழுதான். தண்ணீரில் காலை வைத்தால் இதமாக இருக்கிறது, புழுவும் பைய வெளியே வருகிறது என்றான். பாவம் என்று, தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து கால் நனைக்க ஒரு கல் போடச் சொன்னேன். அவனே செதுக்கினான். முதலில் உட்கார்ந்தவனும் அவனே.

இப்போது கேள். உன் பேச்சு மெய்யானால், அந்த வருஷமே ஊரில் பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டாமா? ஒருவருக்கும் வரவில்லை. ஆடி போயிற்று, ஐப்பசி மழை போயிற்று, தை அறுப்புப் போயிற்று. எல்லோரும் அதே தண்ணீரைக் குடித்தோம். ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம், விரோதி வருஷம் வைகாசியில்தான் மூன்று பேருக்கு வந்தது. பனையேறி பாபநாசம், வலது கால். அவன் பெண்டாட்டி, இடது முழங்காலுக்குக் கீழே. உபதேசியார் மகள் பியூலா, குதிகால். அந்த மூன்று பேரும் கல்லில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த விகிருதி வருஷம் ஐந்து பேர்.

(ஐந்து பேரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தனித் தாளில். உன்னையும் சேர்த்திருக்கிறேன்: நந்தன வருஷம், ஆனி.)

ஆக நாற்பத்தேழு பேர். எல்லோரும் கோடையில். எல்லோரும் என் கிணறு. ஆனால் தண்ணீர் குடித்தது வருஷம் முழுக்க! இதற்கு உன் பூச்சி என்ன பதில் சொல்லும்? தின்ற சோறு அன்றைக்கே வேலை செய்யும், குடித்த கள் அந்த நாழிகையே தலைக்கு ஏறும். புழு மட்டும் வருஷம் கழித்து வர, அது என்ன திருவிழாவா?

அந்தக் கல்லில் ஆறுதலாக உட்கார்ந்தவர்கள் இன்றைக்கும் என்னை வாழ்த்துகிறார்கள். உன் கண்ணாடியில் அது தெரியாது.

ஞானையா

மாமா நாற்பத்தேழு பேர் சொன்னார்கள். நான் நாற்பத்தேழு பேர் எழுதினேன். — பா.

*

சென்னை,
20 ஏப்ரல் 1912

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் கணக்கைப் பெரிய டாக்டரிடம் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்றார்.

மாமா, நான் ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். குடித்த புழு உடம்புக்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்த பிறகுதான் காலில் இறங்குகிறது என்பது எங்கள் எண்ணம். முன்னதாகச் சொல்லியிருந்தால், நான் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று ஆகிவிடும். நீங்களாகவே சொன்னீர்கள்: மாடக்கண்ணு ஒரு வைகாசியில் உட்கார்ந்தான், அடுத்த வைகாசியில் மூன்று பேர், அவர்கள் உட்கார்ந்த மறு கோடையில் ஐந்து பேர். எங்களிடம் உள்ள எந்தத் தாளிலும் இவ்வளவு தெளிவான சாட்சி இல்லை.

கிணறு குற்றமில்லை. கல்தான் வழி.

இன்னொன்று. எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் ஞாபகத்தில் ஓட்டை கிடையாது. அப்படியிருக்க, கணக்கில் ஒரு பெயர் குறைகிறது.

அப்பாத்துரை

*

செவல்மேடு,
8 ஜூலை 1912

அன்புள்ள தம்பி அப்பாத்துரைக்கு,

பாக்கியவதி எழுதுவது. இது மாமா சொல்லி எழுதுவது அல்ல. மாமா நடமாட்டத்தோடு இருக்கிறார்கள், நானும் சுகம். நீங்கள் பதில் எதிர்பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை முதலில் பாதி வாசித்தேன். கல்தான் வழி என்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். மாமா, "அவ்வளவுதானா? எண்பது வரி எழுதுகிறவனுக்குக் கை வலிச்சிட்டோ?" என்று சிரித்தார்கள். மிச்சத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பத்து வாரம்.

இந்தக் கோடையில் இரண்டு பேர் கல்லில் உட்கார்ந்தார்கள். ஒன்று, ஆறு வயதுப் பிள்ளை. சுடலையாண்டி அதன் காலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தான். நான் குடத்தோடு மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, கை கழுவாமல்கூட, கடிதத்தை முழுவதும் வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

கடைசி வரியில் மாமா, "நிறுத்து" என்றார்கள். "முடிஞ்சிட்டு மாமா" என்றேன்.

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை போலிருக்கிறது. கோபம் என்றால் சத்தம் வரும்.

உங்கள் அக்காள்,
பாக்கியவதி

*

சென்னை,
19 ஜூலை 1912

அன்புள்ள மாமாவுக்கு,

என்னை மன்னியுங்கள். நான் புறப்பட்டு வரட்டுமா? ஒரு வரி போதும்.

அப்பாத்துரை

*

செவல்மேடு,
15 செப்டம்பர் 1912

மருமகனுக்கு,

சுகம். நீ வர வேண்டாம். வந்தால் என் எச்சிலையும் குப்பியில் பிடித்துக்கொண்டு போவாய்.

உன் தந்திரம் புரிந்தது. கோர்ட்டு வக்கீல்கூடச் சாட்சியிடம் எந்த வழக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பான். நீ என்னைப் பேசவிட்டு, நான் சிரித்துச் சிரித்துச் சொன்னதை எல்லாம் பொறுக்கி, என் கிணற்றுக்கே எதிராகக் கட்டிவிட்டாய். வெள்ளைக்காரன் எழுந்து நின்றானாம். நிற்கட்டும், கால் வலித்தால் உட்காருவான்.

ஆனால் உன் படிப்பில் ஓட்டை இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன். பாக்கியவதி பதினைந்து வருஷமாக அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறாள். அவளுக்கு ஏன் வரவில்லை? பூச்சிக்கு அவள் மேல் என்ன தயவு? இதற்குப் பதில் எழுது. எழுத முடியாவிட்டால், உன் குரங்கையும் கூட்டிக்கொண்டு கருப்பட்டி வியாபாரத்துக்கு வா. வண்டி ஓட்ட ஆள் வேண்டும்.

ஞானையா

தம்பி, இதற்குப் பதில் நான்தான் எழுத வேண்டும். மாமா எதிரே உட்கார்ந்திருக்க, அவர்களுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். என்னை ஏளனம் செய்த பிறகு நான் துணி கட்டுவதை நிறுத்தவில்லை. அடுப்பங்கரைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முந்தானையில் வடிகட்டித்தான் இன்றுவரை குடிக்கிறேன். மாமாவுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "எங்க அப்பா கெணறு அது. வடிகட்டுனா தண்ணிக்கே அவமானம்" என்று சொல்லி, கிணற்றிலேயே கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு வருவார். — பா.

*

சென்னை,
4 அக்டோபர் 1912

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா எழுதியதை நோட்டில் சேர்க்கவில்லை. அது அவர்களுடையது.

நான் மேற்கொண்டு வாதாடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். இந்தக் கோடையில் குடித்தவர்களுக்கு வரும் கோடையில் வரும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் வரும் கோடைக்கு முன் படியை அடைத்துவிட்டால், அதற்கடுத்த கோடையில் செவல்மேட்டில் ஒருவருக்கும் வராது. வந்தால் என் சான்றிதழை ஆற்றில் போட்டுவிட்டு உங்கள் வண்டியை ஓட்ட வருகிறேன்.

கார்த்திகை வாடை வருகிறது. மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

அப்பாத்துரை

*

செவல்மேடு,
17 பிப்ரவரி 1913

மருமகனுக்கு,

மாமன் ஞானையா சொல்ல, பாக்கியவதி எழுதுவது. மூச்சிளைப்பு அப்படியே இருக்கிறது. வாடை போயிற்று, நான் போகவில்லை.

உன் சான்றிதழ் நனையாமல் இருக்கட்டும். வண்டி ஓட்ட வேறு ஆள் பிடித்துவிட்டேன். மூட்டைக்கு மேல் உட்கார்ந்து கருப்பட்டி நக்கியவனை நம்ப முடியாது.

தை பிறந்ததும் படியை அடைத்தேன். இருபத்தெட்டும் அடைபட்டது. ஊரில் பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்றார்கள். அவர்களுக்குப் பூச்சிக் கதை சொன்னேன். நம்பவில்லை. நம்பாதவர்களைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு வருஷம் முன்னால் நான் இப்படித்தான் இருந்தேனோ? சுடலையாண்டி மட்டும், "அண்ணாச்சி, எம் பொழைப்புல மண்ணப் போட்டுட்டீரே வே" என்றான். "ஒம் பொழைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுமால? நான்தான் உண்டாக்குனேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சுவர் இடுப்பளவு. கப்பி மூன்று. கயிறும் வாளியும் கிணற்றுக்குச் சொந்தம். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, யாரும் யாருக்கும் ஊற்றக் கூடாது. அவரவர் கையால் இறைக்க வேண்டும். அதுதான் சட்டம். போன வாரம் மேலூர்க் கிணறு வற்றி, அங்கிருந்து ஒருத்தி குடத்தோடு வந்தாள். கயிற்றைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றாள். பாதிக் குடம் ஊற்றினாளே, அவளுடைய மகள்; தாடை அப்படியே அம்மா தாடை. "தொடலாமா?" என்றாள். "தொட்டா கயிறு ஒண்ணும் தீட்டுப் பட்டுராது, எறச்சுட்டுப் போ" என்றேன். முழுக் குடம் கொண்டுபோனாள். உன் அத்தை இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாள், இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம் என்று.

அந்தக் கல்லைப் பெயர்க்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மேலே கொண்டுவந்து, என் முன்னாலேயே சம்மட்டியால் உடைக்கச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் எத்தனையோ பேர் உட்கார்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. உடைத்த துண்டுகளையே படிக்குள் போட்டு நிரப்பியாகிவிட்டது.

உன் நோட்டை எடு. நாற்பத்தேழுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருப்பாய், நீ அப்படிப்பட்டவன். அதில் எழுது.

நாற்பத்தெட்டு. வேதநாயகம், ஞானையா மகன். வயது இருபத்தேழு. சோபகிருது வருஷம், ஆனி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை கொப்புளம் கண்டது. வலது கால், கரண்டைக்கு மேலே. என் கிணறு. பதின்மூன்றாம் நாள் புழு அறுந்தது. கால் வீங்கிக் கறுத்தது. இருபத்திரண்டாம் நாள், ஆராதனை மணி அடிக்கிற நேரம், போய்விட்டான்.

அதற்கு முந்தின கோடையில் கல்லில் உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். பெயர்கள் உன்னிடம் இருக்கின்றன. அந்த நான்கு பேரையும் கைத்தாங்கலாகப் பிடித்து, படி இறக்கி, கல்லில் உட்கார வைத்தவன் யார் என்பதற்கு உன் நோட்டில் பத்தி இருக்காது. ஒரு பத்தி கூட்டிக்கொள்; அதில் என் பெயர்.

எழுதுகிறவள் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டாள். நான் அவசரப்படுத்தவில்லை.

இந்தத் தடவை கைநாட்டு வைத்திருக்கிறேன்.

ஞானையா
(இடது கைப் பெருவிரல் ரேகை)